அசைவூட்டம்: ஒரு சொல் விளக்கம்

1940ஆம் ஆண்டு வெளியான டிஸ்னி நிறுவனத்தின் ‘பினோக்கியோ’ எவ்வகைப் படம் என்று கேட்டால், கார்ட்டூன் படம் என்பர் சிலர். பொம்மைப் படம் என்பர் வேறு சிலர். எழுத்தில் அனிமேஷன் படம், இயங்குபடம், அசைவூட்டப் படம் ஆகிய மூன்றும் காணப்படுகின்றன. இவற்றுள் எது பொருத்தமானது என்பதை அச்சொற்களின் பிறப்பை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கார்ட்டூன் என்பது கெட்டித்தாளைக் குறிக்கும் ‘கார்த்தோனே’ என்னும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சுவரோவியம் தீட்டுவதற்கு முன் அத்தாளில் முழு அளவில் வரையப்பட்ட மாதிரிப் படமே அதன் முதற்பொருள். 1843இல் லண்டனின் ‘பஞ்ச்’ இதழ் தன் நையாண்டிப் படங்களுக்கு அப்பெயரை இட்டது. அந்தப் பொருளுக்குத் தமிழில் கேலிச்சித்திரம், கருத்துப்படம் என்னும் நல்ல சொற்கள் இருக்கின்றன. அவற்றைத் திரையில் அசையும் படத்துக்கும் நீட்டுவது குழப்பமே தரும்.

அனிமேஷன் என்னும் சொல்லின் வேர், மூச்சு, உயிர் என்று பொருள்படும் ‘அனிமா’ என்ற இலத்தீன் சொல். அதிலிருந்து பிறந்த ‘அனிமாரே’ என்னும் வினைக்கு உயிர் கொடுத்தல் என்பது பொருள். மூச்சுவிடுதலைக் குறிக்கும் வடமொழி வேர் ‘அன்’ இதற்கு உறவானது; தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பிராணன் என்ற சொல் அவ்வடமொழி வேரின் வழியே வந்தது. ஆங்கிலத்தில் சில நூற்றாண்டுகள் உயிர்ப்பு, எழுச்சி என்னும் பொதுப்பொருளில் வழங்கிய சொல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் திரைக்கலையின் பெயராயிற்று.

அந்த வேர்ப்பொருளைக் கதையாகவே கொண்ட படம் ‘பினோக்கியோ’. இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொல்லோதி 1881 முதல் 1883 வரை சிறுவர் இதழொன்றில் தொடராக எழுதிய கதை அதன் மூலம். படத்தில் முதியவர் ஜெப்பெட்டோ தாம் செதுக்கிய மரப்பொம்மையைக் கயிறுகளால் ஆட்டி மகிழ்கிறார்; பின்னர், அவர் உறங்கிய வேளையில், நீல தேவதை அதற்கு உயிர் தருகிறாள். முதலில் நிகழ்வது அசைத்தல், அடுத்து நிகழ்வது உயிரூட்டல். ஆனால் படத்தை வரைந்தவர்களுக்கு இரண்டும் ஒரே வேலை: ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரைக்காக, சற்றே வேறுபடும் படங்களைத் தாளில் அடுத்தடுத்து வரைந்து, அவற்றை ஒளிபுகும் செல்லுலாய்டு தகடுகளில் படியெடுத்து வண்ணம் தீட்டினர். தொடக்கத்தில் அவர்கள் வரைந்த பினோக்கியோ வெறும் மரப்பொம்மையாக விறைத்து நின்றான். நிறைவு தராத அந்தப் பணியை வால்ட் டிஸ்னி நிறுத்திவைத்தார். மில்ட் கால் என்னும் கலைஞர் முதலில் ஓர் உண்மைச் சிறுவனாக வரைந்துகொண்டு, அதன் பிறகே மர மூட்டுகளைச் சேர்த்தபோது வடிவம் அமைந்தது. அசைவு இருந்தும் உயிர் இல்லாமற்போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வள்ளுவர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். ‘நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று’ என்னும் குறளில் (1020), கயிற்றால் ஆடும் பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ‘உயிர்மருட்டல்’ என்கிறார். குறள் பேசுவது நாணமற்றோரைப் பற்றித்தான். ஆயினும் திரையில் வரைபடங்கள் செய்யும் வேலைக்கு அச்சொல் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது.

இனி, வழக்கிலுள்ள தமிழ்ச்சொற்கள். இயங்குபடம் என்பது வினைத்தொகை. தானே இயங்குகிற படம் என்று விரியும். நடிகர்களைக் கொண்டு எடுத்த திரைப்படமும் இயங்குவதே. சலனப்படம் என்று முன்பு சொன்னதும் அதைத்தான். ஆகவே அச்சொல் வேறுபடுத்திக் காட்ட வேண்டியதைக் காட்டவில்லை. பொம்மைப் படம் என்பது, 2022இல் கில்லெர்மோ டெல் டோரோவும் மார்க் கஸ்டாஃப்சனும் உண்மையான பொம்மைகளைச் சிறுகச் சிறுக நகர்த்திப் படம்பிடித்த ‘பினோக்கியோ’வுக்கு முழுதும் பொருந்தும், 1940ஆம் ஆண்டுப் படத்துக்குப் பொருந்தாது. உயிரூட்டம் வேருக்கு மிக அருகில் இருந்தாலும், எந்தக் கலையிலும் காணும் உயிர்ப்பைக் குறிக்கும் பொதுச்சொல்லாக அது முன்பே நிலைத்துவிட்டது.

அசைவூட்டம் என்பதையே நான் தேர்வேன். அதன் வலிமை ‘ஊட்டு’ என்னும் பிறவினையில் இருக்கிறது. நினைவூட்டு, வண்ணமூட்டு என்பவற்றில் போல, தன்னிடம் இல்லாத ஒன்றை வேறொருவர் கொடுக்கப் பெறுவதை அது உணர்த்துகிறது. தானே அசையாத வரைபடத்துக்குக் கலைஞர் அசைவைத் தருகிறார் என்னும் செய்தி சொல்லுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. அசைவூட்டக் கலைஞர், கணினி அசைவூட்டம் என இடர்ப்பாடின்றி விரிவதும் அதன் சிறப்பு. செயலைக் குறிக்குமிடத்து அசைவூட்டல் என்றும், கலையையும் துறையையும் குறிக்குமிடத்து அசைவூட்டம் என்றும் எழுதுவது தெளிவு தரும்.