பேரல் நீண்டால் குண்டு எவ்வளவு வேகம் கூடும்?

சேலத்தில் ரைஃபிள் பயிற்சிக்கு வருகிறவர்களும் ஏற்காட்டில் எஸ்டேட் காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பேரல் (குண்டு ஓடி வெளியேறும் குழாய்) நீளமாக இருந்தால் குண்டு வேகமாகப் போகும் இல்லையா? போகும், ஆனால் ஓர் எல்லை வரைதான். எல்லை எங்கே என்று தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்துதான் முடிவு செய்கிறது.

பிஸ்டல் தோட்டாவில் மருந்து கொஞ்சம். அதுவும் சட்டென்று எரிந்து தீரும் ரகம். அதையே கார்பைன் என்கிற குட்டை ரைஃபிளில் போட்டால், மருந்து தீர்ந்த பிறகும் விரிகிற வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு வரும். குண்டு முன்னே போகப் போகப் பின்னால் இடம் பெரிதாகி அழுத்தம் இறங்கிவிடும். 7.5 கிராம் எடையுள்ள 9 எம்.எம். குண்டு 4 அங்குலப் பேரலிலிருந்து விநாடிக்கு 350 மீட்டர் அளவில் வெளியேறுகிறது. 16 அங்குலத்தில் ஏறத்தாழ 400. நான்கு மடங்கு நீளத்துக்குக் கிடைப்பது 50 மீட்டர், அதிலும் பெரும்பகுதி முதல் 10 அங்குலத்துக்குள்ளேயே வந்துவிடும்.

9 எம்.எம். நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. நம் கைக்கு வருவது .22, அதாவது 0.22 அங்குல ரகம். அதில் 16 முதல் 18 அங்குலத்தோடு லாபம் நின்றுபோகும். அதற்கு மேல் உராய்வு வாயுவின் தள்ளலை மிஞ்சும்; வேகம் லேசாகக் குறையவும் செய்யும். அப்படியானால் போட்டி ரைஃபிளில் 26 அங்குலப் பேரல் எதற்கு? குறி பார்க்கும் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் குறி சிறிது பிசகினாலும் கண்ணில் படும். முன்பாரம் ஆட்டத்தையும் அடக்கும். வேகத்துக்காக யாரும் அந்த நீளத்தை வாங்குவதில்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அந்த 9 எம்.எம். குண்டின் வேகம் 350-லிருந்து 400 ஆனால் கூடுதல் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 460 ஜூலிலிருந்து 600 ஆகிவிடும், அதாவது முப்பது சதவீதம் அதிகம். பிஸ்டலுக்கென்று இலக்காக வைத்த சாதா இரும்புத் தகட்டில் கார்பைன் குண்டு குழி விழவைக்கும். அடுத்த குண்டு அந்தக் குழியில் பட்டால் ஈயச் சிதறல் சுடுகிறவர் பக்கமே திரும்பும். குழி விழுந்த தகட்டை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். இலக்குக்குப் பின்னால் குண்டைத் தடுக்கும் மண் மேட்டிலும் கவனம் வேண்டும்: நம் செம்மண்ணில் சரளை கலந்திருக்கும், முகப்பில் சலித்த மண்தான் போட வேண்டும். கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. .22 குண்டு சின்னதுதானே என்று நினைக்காதீர்கள், தடுப்பு இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும்.

பேரலை அறுத்துக் குட்டையாக்கும் எண்ணமே வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அறுத்த வாய் ஒரு பக்கம் மயிரிழை சாய்ந்திருந்தாலும் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டு, குண்டின் அடியைத் தட்டிவிடும். ஏர் ரைஃபிளிலும் 20 ஜூலைத் தாண்டினால் லைசென்ஸ் கட்டாயம், 0.53 கிராம் பெல்லட்டுக்கு விநாடிக்கு 275 மீட்டர் என்பதே அந்த வரம்பு.

மலையேறினால் இன்னொன்று மாறும். ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது: சேலத்தில் 35 டிகிரியில் 352 மீட்டர், ஏற்காட்டில் 15 டிகிரிக் குளிரில் 340. விநாடிக்கு 345 மீட்டரில் போகும் குண்டு கீழே அடக்கமாகப் போகும், மேலே ஒலியை முந்தி, 'பளார்' என்று காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பேரலைக் குறை சொல்லாதீர்கள்.

வேகத்தை அளக்க குரோனோகிராஃப் கருவியைப் பேரல் வாய்க்கு 3 மீட்டர் தள்ளி வையுங்கள். கிட்டே வைத்தால் வெடிப்பின் காற்றே சென்சாரைத் தட்டிவிடும். டியூப்லைட் சிமிட்டலும் அளவைக் குழப்பும். ஒரே பெட்டித் தோட்டாவில் குறைந்தது 10 முறை சுட்டு சராசரி எடுங்கள். வெயிலில் நின்ற காருக்குள் வைத்திருந்த தோட்டா என்றால், நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு ஆரம்பியுங்கள்.