அச்சு அல்ல, நரம்பிழை

கருவில் வளரும் நரம்புகள் தத்தமக்குரிய இடத்தை எப்படிப் போய்ச் சேர்கின்றன என்று ஆராயும் துறைக்கு 'அச்சு வழிகாட்டல்' என்ற பெயர் பரவி வருகிறது. ஆங்கிலத்தில் 'axon guidance' என்பதன் பெயர்ப்பு அது. சென்ற வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் மறுபடியும் அதைப் பார்த்தேன். ஒரே பத்தியில் ஏழு இடத்தில் அச்சு. நரம்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பிடிபடவே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

அந்த ஆக்சான் (axon) கிரேக்கச் சொல். வண்டியின் அச்சு என்பது நேர்ப்பொருள். நரம்புச் செல்லிலிருந்து நீளும் இழைக்கு 1896-இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் ஆல்பர்ட் வான் கோலிக்கர். உறைக்குள் நடுத்தண்டு போலத் தெரிந்ததால் அதற்கு முன்பே 'அச்சுருளை' என்ற பொருளில் ஒரு பெயர் ஜெர்மனில் இருந்தது. பிறப்புக் கதை இவ்வளவுதான்.

சரி, கிரேக்கத்தில் அச்சு என்றால் தமிழிலும் அச்சு என்று சொன்னால் என்ன? வேரைப் பெயர்ப்பது வேறு, பொருளைப் பெயர்ப்பது வேறு. தமிழில் அச்சுக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை: வார்ப்பு அச்சு, அச்சடித்த தாள், பூமியின் அச்சு, வரைபடத்தின் அச்சு. இவற்றைக்கூட இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் கருவளர்ச்சியைப் பேசும்போது தலையிலிருந்து வால் வரை ஓடும் உடல் அச்சு என்று ஒன்று இருக்கிறதே! அதே நூலில், அதே பக்கத்தில் 'அச்சு வளர்ச்சி' என்று எழுதினால் உடலின் அச்சா, நரம்பின் அச்சா? மாணவர் எதை எடுத்துக்கொள்வார்?

அப்புறம், அச்சு விறைப்பானது. குறளில் மயிலிறகை அளவு மீறி ஏற்றிய வண்டியில் முறிவது அதுதான். நரம்பிழை அப்படியா? வளரும், வளையும், கிளைக்கும். இடுப்புப் பகுதித் தண்டுவடத்தில் தொடங்கிப் பாதம் வரை போகும் இழை ஒரு மீட்டர்கூட இருக்கும். இழை என்ற சொல்லில் இத்தனையும் அடங்குகிறது. பாடநூல் வழக்கில் 'ஆக்சான்' என்றே எழுதுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது தூய தமிழில்லை, ஆனால் யாரையும் குழப்புவதில்லை. குழப்புகிற தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல்.

'வழிகாட்டல்' பாதி உண்மைதான். இழையின் நுனியை 1890-இல் கோழிக்கருவில் கண்டு விவரித்தவர் சாந்தியாகோ ரமோன் இ காஹால். 'வளர்ச்சிக் கூம்பு' என்று அவர் வைத்த பெயரையும் அப்படியே பெயர்க்கிறார்கள். விரல்கள் விரிந்த கை போல இருப்பதை வளர்முனை என்றாலே போதும். அந்த முனை வழியில் உள்ள மூலக்கூறுகளைத் தொட்டுணர்ந்து திரும்புகிறது. சில மூலக்கூறுகள் இழுக்கும். செமாஃபோரின் போன்றவை பல இழைகளை விரட்டும். விரட்டுவதை வழிகாட்டல் என்று எந்தத் தமிழர் சொல்வார்? இழுப்பு, விலக்கு இரண்டையும் தாங்கும் சொல் 'வழிப்படுத்தல்'. வளர்முனை தானே தேடிப் போவதைச் சொல்ல 'வழிதேடல்' இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். 'ஆற்றுப்படுத்தல்' எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆறு என்றால் வழிதானே. அது இன்று மனநல ஆலோசனைக்கு நிலைத்துவிட்டதால் விட்டுவிடுகிறேன்.

இத்துறையில் பெயர் பெற்ற மூலக்கூறு நெட்ரின். 1994-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் மார்க் டெசியே-லவீன் குழுவினர் கோழிக்கரு மூளையிலிருந்து பிரித்தெடுத்து அறிவித்தது. தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில் பிறக்கும் சில இழைகளை வயிற்றுப்புறம் நோக்கி இழுக்கிறது. கண்ணை அசைக்கும் ஒரு நரம்பின் இழைகளையோ அதே நெட்ரின் விரட்டுகிறது. நெட்ரினைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பிகளில் எது இழையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இந்தப் பெயரையும் ஒருவர் 'நேத்திரப் புரதம்' ஆக்கியிருந்தார். கண்ணைக் குறித்து வைத்த பெயர் அல்ல இது. இட்டுச்செல்பவர் என்ற பொருள் தரும் 'நேத்ரு' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வைத்த பெயர் அது. நமக்குத் தெரிந்த 'நேதா' அதன் வடிவம்தான். ஒலியைக் கேட்டுப் பொருளை ஊகிக்காமல் ஓர் அகராதியைப் புரட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நெட்ரினை நெட்ரின் என்றே எழுதுங்கள்.