காலி செய்த வீட்டின் அட்வான்ஸைத் திரும்பப் பெறுவது

அம்பத்தூரில் எட்டாயிரம் ரூபாய் வாடகை வீட்டைக் காலி செய்த ஒரு தையல் தொழிலாளி, தம் அட்வான்ஸ் எண்பதாயிரத்தைக் கேட்டு ஐந்து மாதம் அலைந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் "புது ஆள் குடிவரட்டும், தருகிறேன்" என்றார்கள். பிறகு சுவரிலிருந்த ஆணித் துளைகளை எண்ணி, பெயிண்டிங் செலவு என்று தேதியோ கையொப்பமோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் 24,000 ரூபாய் என்றுதான் எழுதியிருந்தது. மீதி 56,000 ரொக்கமாகக் கைமாறியது, ரசீது கிடையாது.

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. புது ஆள் வருவதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் அதே பிரிவுதான். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வரம்பு பொருந்தாது என்பதால், பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்திட்டவர் அந்த வரம்பைக் காட்டி வாதாட முடியாது.

பெயிண்டிங் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு; தண்ணீர்க் குழாயின் திருகு, சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சிறு பழுதுகள்தான் வாடகைதாரருடையவை. ஆனால் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடிக்கப்படும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். ஆகவே கையெழுத்திடும் முன்பே அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்று தரகர்கள் இன்றும் சொல்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் இந்தச் சட்டத்தின்படி எந்த வாடகை ஒப்பந்தமும், இதற்கென நியமிக்கப்பட்ட அரசு அலுவலரான வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். உரிமையாளர் முன்வராவிட்டால் வாடகைதாரர் தனியாகவும் விவரங்களைத் தாக்கல் செய்யலாம். இதைச் செய்யாதவர் பின்னால் காவல் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் விவகாரம்" என்கிறார்கள், வாடகை அதிகாரி அலுவலகத்துக்குப் போனால் முதல் கேள்வியே பதிவு எண் என்ன என்பதுதான். ஒரு நாள் கூலியை விட்டு வந்தவரிடம் இதை முதல் நாளே, ஒரே இடத்தில் சொல்லியிருக்கலாம்.

அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். காலி செய்யும் நாளில் ஒவ்வொரு அறையையும் மின்மீட்டர் அளவையும் படமெடுத்து, சாவியை ஒப்படைத்ததற்கு வாட்ஸ்ஆப்பிலாவது ஒரு வரி பதில் வாங்குங்கள், ஏனெனில் அந்த ஒரு மாதம் அன்றிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதாக இருந்தால், உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறாமல் நிறுத்தாதீர்கள்; அது வாடகை பாக்கி என்று உங்கள் மீதே திரும்பும்.

மாதம் கடந்தும் பணம் வராவிட்டால், தொகையையும் சாவி கொடுத்த தேதியையும் குறிப்பிட்டு பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), ஒப்படைத்ததற்கான சான்று கேட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். வாய்மொழி வாக்குறுதிகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பணம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் கெடு.