எம்புவதற்கு முன் ஏன் தாழ்கிறோம்?

"தினமும் கெண்டைக்கால் பயிற்சி செய்கிறேன், ஆனால் குதிக்கும் உயரம் கூடவே இல்லை" என்று கைப்பந்து ஆடும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கூடாததில் வியப்பில்லை. எம்பும்போது பெரும்பங்கு வேலை இடுப்பிலும் முழங்காலிலும் நடக்கிறது. கணுக்காலின் பங்கு சிறியது.

கணக்கு பள்ளியில் படித்ததுதான். பாதம் தரையை விடும் கணத்தில் உடல் நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் இருந்தால் 40 செ.மீ. எழும்பும். 3.1 மீட்டர் என்றால் 49 செ.மீ. அந்த வேகத்தைச் சேர்க்கக் கிடைப்பது ஏறத்தாழ கால் நொடி.

தசைக்கோ அது போதாது. கட்டளை வந்தவுடன் முழு விசையும் வந்துவிடாது, உச்சத்தைத் தொட அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். இதற்கு உடல் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அபாரம்! யாரும் சொல்லித்தராமலே, எம்புவதற்கு முன் சட்டென்று தாழ்கிறோம். கீழே இறங்கும் உடலைத் தடுத்து நிறுத்தத் தொடைத் தசைகள் அப்போதே இறுகிவிடுகின்றன. மேல்நோக்கிய உந்தல் தொடங்கும்போது விசை ஏற்கெனவே ஏறி நிற்கிறது. தசைநாண் ரப்பர்போல இழுபட்டு ஆற்றலைத் திருப்பித் தருவதே காரணம் என்று பலரும் சொல்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் நெதர்லாந்து ஆய்வாளர் மார்டன் பாபெர்ட்டின் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, முக்கியக் காரணம் இந்த முன்கூட்டிய இறுக்கமே என்றது.

நீங்களே சோதிக்கலாம். பாதி குந்திய நிலையில் இரண்டு நொடி அசையாமல் நின்று, மேலும் தாழாமல் எம்புங்கள். அடுத்து வழக்கம்போல் தாழ்ந்து எம்புங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் தாழ்வதன் பலன் உங்களுக்குக் கிடைக்கவில்லை. 30 செ.மீ. பெட்டியிலிருந்து இறங்கி, தரை தொட்டதும் எம்பும் பயிற்சி உதவும். 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி இதை வளர்த்தெடுத்தார். குதிகால் 'தொம்'மென்று விழுந்தால் பெட்டி உங்களுக்கு உயரம். வித்தியாசம் இருந்தும் இரண்டு உயரமுமே குறைவு என்றால், முதலில் பளுவோடு குந்தி எழுந்து வலுவைக் கூட்டுங்கள்.

வலு மட்டும் போதுமா? 1994இல் பாபெர்ட்டும் சக ஆய்வாளர் வான் சூஸ்ட்டும் கணினி மாதிரியில் தசைகளை வலுவாக்கி, எந்தத் தசை எப்போது இறுக வேண்டும் என்ற பழைய கட்டளை வரிசையையே கொடுத்தார்கள். உயரம் குறைந்தது! வரிசையைப் புதிய வலுவுக்கேற்ப மாற்றிய பிறகே கூடியது. 'உயரக் குதிக்க வைக்கும்' காலணிகளின் விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளி இத்தகைய ஆய்வுகளுக்குப் போகலாம்.

ஆகவே, புதிய வலுவுக்கேற்ப உடலும் தன் கட்டளை வரிசையை மாற்றிக்கொள்ள, பளு தூக்கும் காலத்திலும் குதிப்பதை விடாதீர்கள். கால் களைக்கும் முன்பே, பளுவுக்கு முன்னதாகவே, குதித்துவிடுங்கள்.