பெருநாளத்தில் ஒரு கம்பிக் கூம்பு

கொக்கட்டிச்சோலையில் இருக்கும் என் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. தலையிலும் அடிபட்டு மூளையில் சிறிய இரத்தக்கசிவு. கட்டிலோடு கிடந்தவருக்கு ஒரு வாரத்தில் இடது கெண்டைக்கால் வீங்கிப் பளபளத்தது. ஸ்கேன் செய்த வைத்தியர் தொடையில் பசையைத் தடவி, கருவியின் முனையால் மெல்ல அமுக்கினார். திரையில் அருகருகே இரண்டு கருவட்டங்கள். ஒன்று இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாடி, மற்றது அதைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம். நலமான நாளம் அமுக்கியவுடன் நனைந்த துணிபோலத் தட்டையாகிவிடும். பெரியம்மாவினுடையது மசியவில்லை. உள்ளே இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது.

நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கி நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுக்கையில் விழுந்தால் அந்தப் பிழிதல் நின்று, இரத்தம் தேங்கி உறைகிறது. கட்டியில் ஒரு துண்டு கழன்றால் அது தொடை நாளம், அடிவயிறு, உடலின் கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருநாளம் என்று மேலேறி, இதயத்தின் வலப்பக்கம் நுழைந்து நுரையீரல் நாடிக்குப் போகும். இதுவரை வழி அகன்றுகொண்டே வந்தது. இனி அது கிளை பிரிந்து ஒடுங்குகிறது. துண்டு அங்கேதான் அடைக்கிறது. பெரிய துண்டானால் நிமிடங்களில் உயிர் போய்விடும். நுரையீரலில் காணும் கட்டி காலிலிருந்து பயணம் செய்து வந்தது என்பதை 19ஆம் நூற்றாண்டில் காட்டியவர் ஜேர்மன் வைத்தியர் ருடோல்ப் விர்கோ.

வழக்கமான சிகிச்சை ஹெப்பாரின், வார்பரின் போன்ற மருந்துகள். அவை கட்டியைக் கரைப்பதில்லை, மேலும் வளராமல் தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடலே செய்கிறது. ஆனால் மூளையில் கசிவு இருப்பவருக்கு அவற்றைக் கொடுத்தால் கசிவு பெருகலாம். அப்படிப்பட்டவருக்குத்தான், கழன்று வரும் துண்டை வழியிலேயே பிடிக்க, கீழ்ப்பெருநாளத்தில் கம்பி வடிகட்டி வைக்கிறார்கள். பெரியம்மாவைக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

"வாய்க்காலில் ஆற்றுவாழை வராமல் தட்டி கட்டுவோமே, அப்படியா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். மட்டக்களப்பின் படுவான்கரை வயல்களில் வளர்ந்தவரின் கேள்வி அது. பாதி சரி. ஆனால் தட்டியில் ஆற்றுவாழை சேரச் சேர நீரோட்டமும் நின்றுவிடும். 1960களில் காஸி மொபின்-உத்தீன் வடிவமைத்த குடை போன்ற வடிகட்டிக்கும் அதே கதிதான்; பலருக்கு அது பெருநாளத்தையே அடைத்துவிட்டது. 1973இல் லாசர் கிரீன்ஃபீல்ட் வெளியிட்ட வடிவம் கூம்பு: நுனி இதயத்தை நோக்கி மேலே, விரிந்த ஆறு கம்பிக் கால்கள் கீழே. இரத்தத்தோடு வரும் துண்டு கூம்பின் நுனிக்குள், அதாவது குழாயின் நடுவுக்கு, ஒதுக்கப்படுகிறது. சுற்றியுள்ள ஓரம் திறந்தே இருக்கும். கூம்பின் நீளத்தில் 70 சதவீதம் நிரம்பினாலும், 0.7ஐ 0.7ஆல் பெருக்கினால் 0.49, குழாயின் குறுக்குப் பரப்பில் அவ்வளவுதான் அடைபடும்; மற்றப் பாதி அப்போதும் திறந்திருக்கிறது. அந்தப் பாதியில் ஓடும் இரத்தம் சிக்கிய துண்டை மெல்லக் கரைக்கவும் செய்கிறது. பாடசாலையில் படித்த கூம்பின் கணக்கு ஓர் உயிரைக் காப்பதைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. கழுத்தின் வலப்பக்கத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நாளத்தில் ஊசியை ஏற்றி, அதனூடாக மென்கம்பியை விட்டு, ஊசியை உருவியபின் கம்பியின்மேல் குழாயைச் செலுத்துகிறார்கள். 1953இல் சுவீடனின் செல்டிங்கர் விவரித்த முறை இது. பிறகு குழாயில் சாயத்தைச் செலுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கிறார்கள். பெருநாளம் திரையில் கரும்பட்டையாகத் தெரியும். அதன் இரு பக்கத்திலும் வெளிறிய கீற்றுகள் உள்ளே பாயும் இடம்தான் சிறுநீரக நாளங்களின் வாய். அவை கொண்டுவரும் இரத்தத்தில் சாயம் இல்லை. வடிகட்டி அதற்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும். மேலே வைத்து அடைபட்டால் சிறுநீரகங்களுக்கு ஆபத்து. குழாயின் அகலத்தையும் அளக்கிறார்கள். 28 மில்லிமீற்றரைத் தாண்டினால் பல வடிகட்டிகள் பிடிமானம் இழந்து நகரக்கூடும். இன்றைய வடிகட்டிகள் பல நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினோலால் ஆனவை. மடித்து வைத்த கம்பி உறையை விட்டு வெளியே வந்ததும் தன் பழைய வடிவத்துக்கு விரிந்து, நுண்கொக்கிகளால் சுவரைப் பற்றிக்கொள்கிறது.

வைப்பதோடு கதை முடிவதில்லை. நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதையே. பிரான்சில் 400 நோயாளிகளிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், முதல் 12 நாட்களில் வடிகட்டி நுரையீரல் அடைப்பைக் குறைத்தது. இரண்டு வருடங்களில் கால்களில் மீண்டும் கட்டி வந்தவர்களோ வடிகட்டி இல்லாதோரில் 11.6 சதவீதம், உள்ளோரில் 20.8 சதவீதம். இறப்பில் வேறுபாடு இல்லை. நெடுங்காலம் கிடக்கும் கம்பி முறியலாம், சுவரைத் துளைக்கலாம். ஆபத்து நீங்கியவருக்கு 29 முதல் 54 நாட்களுக்குள் அகற்றுவது நல்லது என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் சொன்னது. ஆகவே உங்கள் வீட்டில் யாருக்கேனும் வடிகட்டி வைத்தால், எப்போது எடுப்பீர்கள் என்று அன்றைக்கே கேளுங்கள். பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

பெரியம்மாவின் மூளைக் கசிவு ஆறி, மருந்து தொடங்கிய பிறகு, 41ஆம் நாள் மறுபடியும் அதே கழுத்து வழியாகச் சுருக்குக் கம்பியை இறக்கினார்கள். வடிகட்டியின் உச்சியிலுள்ள கொக்கியில் சுருக்கை மாட்டி இழுத்துப் பிடித்தபடி உறையைக் கீழே தள்ள, விரிந்த கால்கள் குடைபோல மடங்கின. வெள்ளித் தட்டில் போட்டதும் அது மீண்டும் விரிந்தது.

"ஏதும் சிக்கியதா?" என்று பெரியம்மா கேட்டாராம். நுனியில் நெல்மணியிலும் சிறிய கறுத்த துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. காலிலிருந்து வந்ததா, கம்பியிலேயே உறைந்ததா என்று வைத்தியராலும் சொல்ல முடியவில்லை.