லோடு வண்டி இழுக்கவில்லையா? பம்ப்பைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஒத்தை லோடு வண்டியை வைத்துப் பிழைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேனிப் பக்கம் காய்கறி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வர வேண்டிய வண்டி, ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் இரண்டாவது கியரைத் தாண்டாமல் முக்கினால் அன்றைய வாடகையே போச்சு. அந்தப் பதற்றத்தில் பட்டறைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "பம்ப் நாசில் பார்த்துரலாமாண்ணே?" என்றுதான். டீசலை அழுத்தித் தள்ளுவது பம்ப், அதை என்ஜினுக்குள் பீய்ச்சுவது நாசில். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டீசல் பிக்கப் என்றால் பம்ப், டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது), கடைசியில் என்ஜின் வேலை என்று நினைப்பு நேராகப் பெரிய செலவுக்கே போய்விடுகிறது. நான் பார்த்த வரையில் இழுவை குறைந்து வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு ஹோஸ், ஃபில்டர், கிளாம்ப் மாதிரி சில்லறைச் சாமானில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றினால் ட்யூ கட்ட வைத்திருந்த பணம் கரையும், வண்டியும் சரியாகாது.

முதலில் தெரிய வேண்டியது ஒன்று. என்ஜினுக்கே சக்தி குறைந்துவிட்டதா, அல்லது என்ஜின் தரும் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா? ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, டாப் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் பிளேட் போய்விட்டது. வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது. இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யவும் கூடாது, பிளேட் கருகிவிடும். அதேபோல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாய்க் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

இரண்டும் சரி என்றால் அடுத்தது புகை. மிதிக்கும்போது கறுப்பாகத் தள்ளினால், உள்ளே போகிற டீசலுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை. என்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் பெரும்பாலும் டீசல் போதுமான அளவு வந்து சேரவில்லை.

காற்றுப் பக்கத்தில் ஏர் ஃபில்டரை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். மேலூர் பக்கம் கல்குவாரித் தூசியில் ஓடும் வண்டிகளுக்கு அது சீக்கிரமே அடைக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். இழுவைக்காக ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தத் தூசி டர்போவின் இறக்கையையும் என்ஜின் லைனரையும் அரித்துவிடும்.

யாரும் பார்க்காதது டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ். சூட்டிலும் ஆயில் ஆவியிலும் அந்த ரப்பர் இறுகி, வளைவின் அடிப்பக்கத்தில் கீறல் விடும். வண்டியை நிறுத்தி வைத்து மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, உள்ளே அழுத்தம் இல்லாததால் கீறல் மூடியே கிடக்கும். லோடோடு ஏற்றத்தில் மிதிக்கும்போது ஹோஸ் உப்பி, கீறல் வாயைத் திறந்து, என்ஜினுக்குப் போக வேண்டிய காற்று வெளியே போய்விடும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். அந்த இடத்தில் ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும். ஹோஸைக் கழற்றி வெயிலில் பிடித்துக் கையால் வளைத்துப் பாருங்கள், விரிசல் கண்ணுக்குத் தெரியும். டேப் சுற்றியும் எம்-சீல் பூசியும் ஒட்டினால் அடுத்த ஏற்றத்திலேயே பிய்ந்துவிடும். புது ஹோஸ், புது கிளாம்ப், அதுதான் வேலை. ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸில் இதற்கு நேர்மாறாக நடக்கும். ரப்பர் தொய்ந்து போயிருந்தால் ரேஸ் பண்ணும்போது உறிஞ்சலில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் விசிறி, பெல்ட்டிலிருந்து கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

டீசல் பக்கத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி: "எடுத்தவுடனே இழுக்கலையா, கொஞ்ச தூரம் போனபிறகா?" நன்றாகக் கிளம்பி, போகப்போகத் தளர்ந்து, ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி சரியாக ஓடுகிறது என்றால் டேங்க்கைச் சந்தேகப்படுங்கள். அடியில் இருக்கும் துருவும் கசடும் உறிஞ்சு குழாயின் சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும். என்ஜின் நின்றதும் உறிஞ்சல் நின்று கசடு கீழே உதிர்ந்துவிடும், மறுபடி ஓடும். இந்த வண்டிக்கு டீசல் ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் ஏறக்குறைய இதே குணம்தான். வண்டி தளரும்போது மூடியைத் திறந்தால் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் வரும், இழுவையும் திரும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து பம்ப்புக்குக் கேபிள் போகும் பழைய வண்டியாக இருந்தால், மிதியை முழுக்க மிதிக்கும்போது பம்ப் லீவரும் கடைசி வரை போகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காமன் ரயில் வண்டிகளில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் (நாசிலுக்கும்) ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற, கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில், ஸ்கேனர் போடுவது அவசியம். ஆனால் ஸ்கேனரில் வரும் கோளாறுக் குறியீடு (கோடு) எந்தப் பெயரைக் காட்டுகிறதோ அந்தச் சென்சாரையே வாங்கி மாட்டுவது வீண் செலவு. டர்போ அழுத்தம் குறைவு என்று கோடு வந்தால் சென்சார் உண்மையைச் சொல்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் அந்தக் கிழிந்த ஹோஸாக இருக்கலாம், டர்போவின் வேக்குவம் குழாயாக இருக்கலாம், புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நிற்பதாகவும் இருக்கலாம். இஜிஆரைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தால் போதும். தகடு வைத்து அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஊருக்குள் விடும் நச்சுப் புகை கூடும்.

பட்டறைப் பையன்களுக்கு இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய பம்ப் வண்டியில் ஓடும்போதே நாசில் பைப்பைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் மிஸ்ஸிங் (சரியாக எரியவில்லை) என்று பார்க்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் ஏற்றிவிடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. நேரம் போகப்போக உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். அப்படிக் குத்திவிட்டால், துணி சுற்றிக்கொண்டு வேலையைத் தொடராமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். கசிவைத் தேட விரலை நீட்டாமல் அட்டைத் துண்டைக் காட்டுங்கள்.

இத்தனையும் பார்த்து, சைலன்சர் அடைப்பும் இல்லை என்று தெரிந்த பிறகும் வண்டி இழுக்கவில்லை என்றால் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்க்கலாம். என்ஜினை இறக்கணும் என்று சொன்னால், அதற்கு முன்பு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் (உள்ளே காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் மீட்டர்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வந்த அளவைத் தாளில் எழுதி வாங்கி, உங்கள் வண்டிக்கு இருக்க வேண்டிய அளவையும் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு இன்னொரு பட்டறையிலும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.