சுபுஹு உங்கள் தூக்கத்தைக் கெடுக்கவில்லை

"தூங்கிட்டா எந்திரிக்க முடியாது டாக்டர். அதனால சுபுஹு தொழுதுட்டுத்தான் படுக்கிறேன்." அதிகாலைத் தொழுகையான சுபுஹு பற்றி இந்த வாரமும் ஒரு தம்பி இப்படிச் சொல்லிவிட்டார். கூட வந்த உம்மாவுக்கு அதில் பெருமை வேறு: "ஒரு வக்து தொழுகையும் விடமாட்டான்." பாங்கு சொல்லும்வரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மொபைல்தான். தொழுதபின் பதினோரு மணிவரை உறக்கம், இரவானால் கண் மூட மாட்டேன் என்கிறது. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு. நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்கள். "சுபுஹுக்கு எழுந்துதான் தூக்கம் கெட்டுப்போச்சு. ஒரு மாசம் வீட்டிலேயே ஏழு மணிக்குத் தொழுதுக்கவா?" என்பார்கள். சிலரிடம் எங்கள் மருத்துவர்களே அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

சரி, ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையில்லாத சிகிச்சை உண்டு. அதுதான் முதல் சிகிச்சையும்கூட. அதில் நாங்கள் முதலில் கட்டிப்போடுவது எழும் நேரத்தை. தூக்கத்தை யாராலும் கூப்பிட்டு வரவழைக்க முடியாது. எழுவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. இரண்டு மணிக்குத் தூங்கினாலும் ஐந்துக்கு எழுங்கள். அன்றைக்குக் கண் எரியும், எரிச்சல் வரும், இரவு பத்துக்குத் தூக்கம் தானாக இழுக்கும். விடிந்தபின் மூன்று மணி நேரம் 'ஈடுகட்டி'த் தூங்கினால் அன்றிரவுத் தூக்கத்தைக் காலையிலேயே செலவழித்துவிட்டீர்கள். இரவு வெறுங்கையோடுதான் படுக்க வேண்டும். தென் தமிழகத்தில் சுபுஹு பாங்கு வருடம் முழுக்க ஏறக்குறைய நாலே முக்காலுக்கும் ஐந்தரைக்கும் நடுவிலேயே வந்துவிடுகிறது. லண்டன்காரருக்குக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மணிக்கணக்கில் மாறும். அவர் புலம்பினால் நியாயம். நாம் ஐந்து மணிக்கு எழச் சொல்லிச் சீட்டு எழுதினால் எத்தனை பேர் கேட்பார்கள்? உங்களுக்குப் பாங்கு சொல்லும் மோதினார் தினமும் வந்து எழுப்பிவிடுகிறார்.

கோளாறு எங்கே? இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு. இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) விரும்பவில்லை என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நம் தெருக்களில் கல்யாண வீட்டு பிரியாணியே பத்தரைக்குத்தான் தட்டுக்கு வருகிறது. அப்புறம் ஒரு சுலைமானி டீ, அப்புறம் ரீல்ஸ்.

இன்னொன்று பயம். இரண்டே காலுக்கு விழிப்பு வரும், மணி பார்ப்பார்கள், 'இன்னும் ரெண்டரை மணி நேரம்தான்' என்று கணக்குப் போடுவார்கள். சுபுஹு தவறிவிடுமோ என்ற பதற்றமே மிச்சத் தூக்கத்தையும் தின்றுவிடும். அவர்களுக்கு நான் நபி (ஸல்) தோழர்களோடு போன கைபர் பயணத்தை நினைவூட்டுவேன். திரும்பும் வழியில் இரவு எல்லோரும் களைத்துப் படுக்க, விழித்திருந்து எழுப்பும் பொறுப்பை, பாங்கு சொல்லும் தோழர் பிலால் (ரலி) ஏற்றார். ஒட்டகத்தில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வெயில் சுட்டபிறகுதான் எல்லோரும் எழுந்தார்கள், எழுந்து தொழுதார்கள். பாங்கு சொன்னவருக்கே அப்படி ஆகியிருக்கிறது. முயன்றும் ஒருநாள் தவறினால் விழித்ததும் தொழுங்கள். அதற்காக ராத்திரி முழுக்கக் காவல் இருக்க வேண்டாம்.

என்னிடம் நெடுநாளாக வரும் பெரியவர் ஒருவர், ஜவுளிக்கடை வைத்திருந்தவர். எட்டு மணி நேரம் தூங்கியே தீருவேன் என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். இப்போதும் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார். ஆனால் பேச்சு மாறிவிட்டது. "ஒளூ செய்யும்போது முகத்துல தண்ணி படுது பாருங்க, அதோட ராத்திரிக் கணக்கு முடிஞ்சது. முதல் சஃப்புல, முன்வரிசையில நின்னுட்டா அன்னைக்கு ஒரு காரியம் ஆயிடுச்சு டாக்டர்." தொழுதபின் திரும்பப் படுப்பதில்லை, சூரியன் உதித்தபின் தொழும் இஷ்ராக் வரை பள்ளிவாசலில் இருந்துவிட்டு, வெயிலில் சுற்றுவழியாக நடந்து வீடு வருகிறார். அந்த வெளிச்சம் உடலின் கடிகாரத்துக்கு நல்லது, அது ஒருபக்கம். தூங்காவிட்டால் நாள் பாழ் என்ற பயம் அவரைவிட்டுப் போய்விட்டது. நான் பெரிதாக நினைப்பது அதைத்தான். மாத்திரை எழுத இரண்டு நிமிடம், இதைப் பேசிப் புரியவைக்க அரை மணி. பல கிளினிக்குகளில் எது நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். போன் கூடத்தில் இருக்கட்டும், அலாரம் அங்கிருந்தே அடிக்கட்டும். தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள். இருபது நிமிடம்போல் புரண்டும் வரவில்லையென்றால் எழுந்து உட்காருங்கள். கைலூலா என்ற பகல் குட்டித்தூக்கம் இருபது நிமிடம் போதும், மாலைத் தொழுகையான அசருக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். இரவு ஒரு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு ஐந்து மணிக்குப் பைக்கில் பள்ளிக்குப் போகாதீர்கள், மயக்கம் இன்னும் இறங்கியிருக்காது.

இதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. வலிப்பு நோய், மனஎழுச்சி நோய் (பைபோலார்) உள்ளவர்களுக்குத் தூக்கம் குறைவதே ஆபத்து. அவர்கள் தூக்க நேரத்தை மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். சத்தமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கு வேறு பரிசோதனை தேவை. வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: மனநல மருந்து சாப்பிடும் பிள்ளையை எழவில்லை என்று தண்ணீர் தெளித்து எழுப்பாதீர்கள், ஈமான் குறைவு என்று திட்டாதீர்கள்.

ஏற்கெனவே அல்பிரசோலாம் மாதிரி தூக்க மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழைய சீட்டோடு வாருங்கள். மச்சானுக்கு எழுதிக் கொடுத்த சீட்டோடு அல்ல.